கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே

காலையில் பின்வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்ததும், கொள்ளு வெந்த வாசனை எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஈர மண்ணும் வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உங்களுக்கு அது பிடிக்கலாம். கொள்ளுரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்கிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. எனக்கு அது மூக்கில் ஏறினால் வாய் ஊறாது. தொடை இரண்டும் தானாக இறுகும். காபித் தம்ளரை வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும் விட்டேன். தோசை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி எஸ்தர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, உக்காந்து எந்திரிக்கக் கூப்பிடுதாக்கும்?"

கூப்பிடத்தான் செய்தது. ஆனால் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இப்போது நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே, மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரிகிற வீடு. நடக்க மொட்டை மாடி இருக்கிறது. வீட்டைச் சுற்றிவரச் சிமெண்டு போட்ட பாதை இருக்கிறது. கடையை மருமகன் பார்த்துக்கொள்வதால் நேரமும் இருக்கிறது. இவை எதுவுமே இல்லாத ஒரு காலத்தில்தான் என் உடம்பு ஒழுங்காக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அப்போது தேனி பஜாரில் கடைக்கு மேலேயே குடியிருந்தோம். கீழே கயிறு, சாக்கு, தார்ப்பாய் வியாபாரம். கடமலைக்குண்டுத் தேங்காய்க்காரர்களும் போடிப் பக்கத்து ஏலக்காய்க்காரர்களும் வந்து போகிற கடை. புதுச் சணல் சாக்குக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் தூசி. எங்கள் தலையணை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, சில நாள் ரசம் வரைக்கும் அந்த வாசனைதான். கடையின் ஓரத்தில் குறுகலான படி. படியில் பாதியைக் கயிற்றுச் சுருள்கள் பிடித்திருக்கும். ஏறினால் ஒரே அறை, அதன் பின்னால் ஓர் அடுக்களை. அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, எஸ்தரின் தையல் மெஷின், இரண்டு மகள்கள் படிக்க ஒரு மேஜை. விருந்தாளி வந்தால் நாங்கள் படியில் உட்கார்ந்துகொண்டு அவர்களை உள்ளே உட்கார வைப்போம்.

என் உடம்பைப் பற்றி நானே சொல்வது முறையாகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல், ஆணியை அடுப்பில் சுட்டு நானாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டவன். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். சாக்குக்கட்டை எடுக்கவும் தார்ப்பாயை விரித்துக் காட்டவும் கருப்பையா அண்ணன் இருந்தார். நான் கையை நீட்டிக் காட்டுவேன். அந்தக் கை மட்டும் நல்ல பலமாக இருந்தது.

என் தம்பி சாமுவேல் அப்படியே நேர்மாறு. ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் பி.டி. வாத்தியார். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். விளையாட்டு விழாக்களில் அவன் ஓடுவான். நான் அவனுடைய சட்டையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக நிற்பேன். அவன் ஜெயித்து வந்து சட்டையைக் கேட்கும்போது, நானும் ஏதோ ஓடியது போல எனக்கு மூச்சு வாங்கும். அந்தச் சட்டையின் வியர்வை வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் அப்போது நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வருடம் கால் வீங்கத் தொடங்கியது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான் என்று அவன் மனைவி மெர்சி போனில் சொன்னாள். பிறகு கண் மஞ்சளானது. வயிறு உப்பியது. ஒரு சொட்டுக் குடிக்காதவன். ஆனாலும் ஈரல் கெட்டுப்போச்சு என்றால் ஊர் முதலில் பாட்டிலைத்தான் நினைக்கும். "வாத்தியாரு பழக்கமா?" என்று என்னிடமே காதோரம் வந்து கேட்டவர்கள் உண்டு. சிலருக்கு நோயோடு சண்டை போட வேண்டிய உடம்பே தன் ஈரலைக் கடிக்கத் தொடங்கிவிடும் என்று மதுரை டாக்டரம்மா சொன்னதை, ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சொன்னேன், கொஞ்சம் பேருக்கு. அப்புறம் விட்டுவிட்டேன்.

மருந்து இனி தாங்காது, வேறு ஈரல் வைக்க வேண்டும், நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பாகத்தைக் கொடுத்தால் அது அவனுக்குள் வளரும், கொடுத்தவருக்கும் மறுபடி வளர்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. மெர்சியின் ரத்த வகை சேரவில்லை. அப்பாவும் அம்மாவும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மீதி இருந்தது நான்.

பரிசோதனைக்கு மதுரை போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள், ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். முடிந்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரத்தம் சேருது. இதயம் நல்லா இருக்கு. ஆனா உங்க கல்லீரல்ல கொழுப்பு நிறையப் படிஞ்சிருக்கு. இப்ப எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் அது சரியா வேல செய்யாது."

வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். உடம்பைக் குறைக்க வேண்டும். பட்டினி கிடக்கக் கூடாது. அளந்து சாப்பிட்டு, தினமும் உடம்பை அசைத்தால் மற்ற இடத்துக்கு முன்னால் ஈரலிலிருந்துதான் கொழுப்பு இறங்கும். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி வந்து பாருங்கள் என்றார். அதற்கு மேல் தம்பியால் காத்திருக்க முடியாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

வராந்தாவுக்கு வந்தோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாமு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அப்பா அன்னைக்கே சொன்னாகல்ல. அது எங்கன இருக்குன்னுதான் இப்பக் கண்டுபிடிச்சிருக்காக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெர்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு நர்ஸ் கதவைத் திறந்து எங்களை முறைத்துவிட்டுப் போனாள். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே நடக்கக் கிளம்பினேன். புது கேன்வாஸ் ஷூ, மகள் தேடிக் கொடுத்த தொப்பி. விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பம் ரோட்டில் என்னைக் கண்டவர்களுக்கெல்லாம் திகைப்பு. டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, நடந்து போறீக? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" இன்னொருவர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க, எங்கன விடணும்?" என்றார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். காந்தி சிலைப் பக்கம் வருவதற்குள் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் டெம்போவோடு எதிரில் வந்து, மழை வந்தால் தக்காளி நனைந்துவிடும், தார்ப்பாய் வேண்டும் என்று என்னைக் கையோடு பிடித்துக்கொண்டு போய்க் கடையைத் திறக்க வைத்தார். மொத்தம் நான் நடந்தது, கடைக்குத் திரும்பிய தூரத்தையும் சேர்த்தால், ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அதையும் குடித்தேன், சர்க்கரை போட்டு.

ராயப்பன்பட்டியிலிருந்து ஒவ்வொரு முறையும் மதுரைக்கு அலைவது அவனுக்கு ஆகாது என்று சாமுவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். மெர்சிக்கு வேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் இருந்ததால் சனி, ஞாயிறு வந்து போனாள். எங்கள் கட்டில் அவனுக்கானது. நாங்கள் நால்வரும் அடுக்களையிலும் படித் திருப்பத்திலும் படுத்தோம். இருந்த இடமும் போனது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு சந்து மட்டும் மிச்சம்.

இடமில்லை, நேரமில்லை, ரோட்டில் நடக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று நான் அவனிடம் புலம்பினேன். தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. ஆனால் குரல் மைதானத்துக் குரல்தான்.

"எடம் இல்ல, நேரம் இல்லன்னு எங்கிட்ட எத்தன பேரு சொல்லியிருப்பாக தெரியுமா? ஒரு ஆளு காலு நீட்டிப் படுக்க எடம் இருந்தாப் போதும்ணே. வா, இங்கன நில்லு."

நின்றேன். மகள்களின் மேஜை நாற்காலியைப் பின்னால் போடச் சொன்னான். உட்கார்வது போல் இறங்கி, நாற்காலி பின்புறத்தைத் தொட்டதும் எழ வேண்டும். இவ்வளவுதானா என்றுதான் எனக்கும் தோன்றியது. நான்காவது தடவை தொட்ட நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. எதிரே பீரோக் கண்ணாடியில் ஒரு பெரிய மனிதர் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குள் தூசி கொட்டியது போலிருக்கிறது. கீழே கடையிலிருந்து கருப்பையா அண்ணன் சத்தம் போட்டார்.

"மேல யாரு நெல்லுக் குத்துறது?"

சாமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் வலிக்கும் அவனுக்கு. "போதும்ணே, சிரிக்க வைக்காத. நாளைக்கு இன்னும் ஒண்ணு கூடச் செய்யி, அது போதும்."

அவன் முறையெல்லாம் வேறு மாதிரி. மணி பார்த்து ஒரே மூச்சில் செய்ய விடமாட்டான். நாளைத் துண்டு துண்டாக்கினான். பால் பொங்குகிற வரை சுவரில் கை ஊன்றித் தள்ள வேண்டும். மகள் குளித்துவிட்டு வருகிற வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் படி ஏறி வந்து, சந்தில் சாக்கை விரித்துப் படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்க வேண்டும். முதலில் அந்தச் சாக்கில் படுத்தபோது எழுந்திருக்க எஸ்தர் ஒரு கையும் பீரோ ஒரு கையும் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்பது அவன் கட்டளை. "பேச்சு வந்தா இன்னும் செய்யலாம். பேச்சே வரலைன்னா நிப்பாட்டு. பாட்டு வந்துச்சுன்னா நீ ஏமாத்துறேன்னு அர்த்தம்." ஆகவே உட்கார்ந்து எழுந்தபடியே பஜார்க் கதை முழுவதையும் அவனுக்குச் சொல்வேன். எந்தக் கடை கைமாறுகிறது, யார் மகள் மெடிக்கல் சேர்ந்திருக்கிறாள், பாஸ்டர் போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எவ்வளவு இழுத்தார். இருபது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசியதைவிட அந்தச் சந்தில் அதிகம் பேசினோம் என்று நினைக்கிறேன். பாதிப் பேச்சு மூச்சுத்தான்.

அப்புறம் கல்லா. "அங்கன உக்காந்துதானே இத்தனையும் சேத்த?" என்று சொல்லி என் ஸ்டூலை மேலே வரவழைத்துவிட்டான். அதில் அவனுடைய மருந்துகளை வைத்துக்கொண்டான். நான் கடையில் நின்றேன். சாக்குக்கட்டை நானே எடுத்தேன். தார்ப்பாயை நானே விரித்தேன், நானே மடித்தேன். கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி இறங்கினேன். கருப்பையா அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மொதலாளி, எல்லாத்தையும் நீங்களே தூக்குனா நான் என்ன செய்ய?" என்றார். "நீங்க உக்காருங்கண்ணே" என்றேன். அவரும் தயங்கித் தயங்கி ஒரு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்தார். போடியிலிருந்து வந்த ஒருவர் அவரிடம் விலை கேட்டு, அவரிடமே பணத்தையும் நீட்டி, வெளியே போகும்போது என்னைக் காட்டி, "புது ஆளு நல்லா வேல செய்யுறாப்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு எஸ்தரின் பொறுப்பு. கொள்ளு, கீரை, பாகற்காய், கையளவு சோறு. ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள். கேட்டால் கேட்டதற்குப் பதில். சாமுவுக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்து, ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் நான் ஈரல் கொடுப்பதைப் பற்றி மட்டும் அவள் வாயிலிருந்து சரியென்றும் வரவில்லை, வேண்டாமென்றும் வரவில்லை. மனைவியின் சம்மதமும் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம்.

மெர்சிக்கும் அந்தப் பயம்தான். சனிக்கிழமை வந்து இறங்கியதும் எங்கள் அடுக்களைக்குள் நுழைந்துவிடுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். எஸ்தரின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். ஒரு சனிக்கிழமை நான் சந்தில் படுத்து இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்களையில் எஸ்தரின் குரல் கேட்டது.

"அந்தச் சட்டிய வையிடி. நீ எதுக்குக் கெஞ்சுற மாதிரியே வேல பாக்குற?"

தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெர்சி உடைந்து அழுதது கேட்டது. "அக்கா, நான் ஒங்ககிட்ட எப்படிக்கா கேப்பேன்? எந்த வாயாலக்கா கேப்பேன்?"

நான் இடுப்பைத் தூக்கின வாக்கிலேயே கிடந்தேன். கட்டிலில் சாமு கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் தோளில் கயிற்றுச் சுருளோடு படியேறினேன். எஸ்தர் படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். வழி விடவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். சாமு சொல்லிக் கொடுத்த மாதிரி தொடையில் பாரம் வைத்து மெதுவாக உட்கார்ந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "ரெண்டும் பொம்பளப் புள்ளைக. நீங்க அந்த ரூமுக்குள்ள போயி, கதவச் சாத்துனதுக்கு அப்புறம் நான் வெளிய ஒக்காந்திருக்கணும்."

"வேணாம்னு சொல்றியா?"

"வேணாம்னு எப்பச் சொன்னேன்? பயமா இருக்குன்னுதான சொல்றேன். அதக்கூட நான் சொல்லக் கூடாதா? எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறீக. நான் சிரிக்கணும், சமைக்கணும், சரின்னு சொல்லணும். பயமா இருக்குன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல எனக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்குமா?" என்றாள். ஏதோ நல்ல சேதி கேட்டது போல அவள் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. கயிற்றுச் சுருளில் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஏறினோம். அதற்குப் பிறகு தினமும் சந்தில் அவளும் நின்றாள். இடமில்லாததால் நான் எழும்போது அவள் உட்காருவாள், அவள் எழும்போது நான் உட்காருவேன். "மதினி, அண்ணனவிட நீங்கதான் முதுக நேரா வக்கிறீக" என்பான் சாமு.

பெல்ட்டில் நான் போட்ட ஓட்டைக்கு வேலையில்லாமல் போனது. பிறகு அதற்கு அடுத்ததற்கும். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் வியாபாரம் சூடு பிடித்தது. ஆனாலும் துண்டு துண்டாகச் செய்வதை விடவில்லை.

ஒரு காலையில் சந்தில் நின்று அவன் ஆரம்பிக்கச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உரக்கச் சொன்னான்.

"எட்டாம் வகுப்பெல்லாம் வரிசையா நில்லுங்கலே!"

விளையாடுகிறான் என்று நினைத்து நானும் விறைத்து நின்றேன்.

"ஏலே, ஒன் பேரு என்ன?" என்று கேட்டான்.

அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு நான் யாரென்று தெரியவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு அவனைத் தூக்கினேன். அந்தக் குறுகிய படியில், கயிற்றுச் சுருள்களுக்கு இடையில், நான் ஒருவனாகவே தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஓடுகிறவனின் சட்டையை மட்டும் பிடித்து நின்ற எனக்கு அது எப்படி முடிந்தது என்று இப்போதும் தெரியவில்லை. கருப்பையா அண்ணன் கார் பிடித்து வந்தார், மதுரைக்குக் கிளம்பினோம். ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டுகிற வரை அவன் என்னை யார் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் ஒவ்வொரு தடவையும் அப்பா பேரைச் சொன்னேன்.

ஈரல் கழிக்க வேண்டிய நஞ்சு ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்ததில் அடுத்த நாள் தெளிந்தான். கண் திறந்து, என்னைப் பார்த்து, "அண்ணே, இன்னைக்குச் செஞ்சியா?" என்று கேட்டான். செய்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மழைக்காலம் முடிகிற வரை இனிக் காத்திருக்க முடியாது, இன்றைக்கே உங்களுக்கு ஸ்கேன் என்றார். மறுபடி அந்தக் குழாய். உள்ளே படுத்திருக்கும்போது ஜெபம் சொல்ல நினைத்து, வாய் தன்பாட்டில் உட்கார்ந்து எழுகிற எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது எஸ்தரும் மெர்சியும் ஒரே பெஞ்சில், ஒருத்தி கையை மற்றவள் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யார் கை யாருக்கு ஆறுதல் என்று சொல்ல முடியாதபடி.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார்.

"போதும்" என்றார். "நல்லாவே எறங்கியிருக்கு. இனி எடுக்கலாம். எந்த ஜிம்முக்குப் போனீங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று சாமு சொன்னதுதான் ஞாபகம் வந்தது. எஸ்தர்தான் சொன்னாள். "ஜிம்மு இல்லங்க. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்கு." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மெர்சி அவளுடைய மடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கொழுப்புக் குறைந்ததற்காக அப்படி அழுத குடும்பம் வேறு இருந்திருக்குமா, தெரியாது.

பிறகு எஸ்தரை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திப் பேசினார்கள். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன்.

"பயமா இருக்கான்னு கேட்டாக. இருக்குன்னேன். சம்மதமான்னு கேட்டாக. அதுவும் இருக்குன்னேன்."

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தூங்கியவனிடம் என்ன கேட்பீர்கள்? விழித்தபோது நாக்கு சாக்குத் துணி மாதிரி இருந்தது. எஸ்தரின் முகம் தெரிந்தது. சாமு என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, தெரியவில்லை. "அந்தா அங்கன, அடுத்த ரூம்ல. நல்லா இருக்காப்ல" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய நிம்மதியை நான் அதற்கு முன்பும் பின்பும் அனுபவித்ததில்லை. வயிற்றைக் குறுக்கே தைத்துவைத்திருந்த வலிகூட, யாரோ பக்கத்து வீட்டுக்காரருடைய வலி போலத்தான் இருந்தது.

சில நாள் கழித்து எங்கள் இருவரையும் வராந்தாவில் நடக்க வைத்தார்கள். அவனைச் சுற்றி ஏழெட்டுக் குழாய்கள், என்னைச் சுற்றி இரண்டோ மூன்றோ. எதிரெதிரே வந்து நின்றோம். அவனுடைய கண்ணில் மஞ்சள் வடியத் தொடங்கியிருந்தது. பெரிதாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். "முதுக நிமுத்துண்ணே" என்றான்.

செலவுக் கதை வேறு. அதைப் பேசத் தொடங்கினால் இந்தக் காலை போதாது. ஈரல் வளர்ந்துவிட்டது என்று அடுத்த வருடம் ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்கள். ஈரல் வளர்ந்த கையோடு வயிறும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது என்பதை எஸ்தர் சொன்னாள். கடைக்கட்டடத்தை உரிமையாளர் இடித்துப் பெரிதாகக் கட்டினார். நாங்கள் கடையைத் தெரு மாற்றி, குடித்தனத்தை ஊருக்கு வெளியே மாற்றினோம். சாமு மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, உடம்பு தேறி, மறுபடி ராயப்பன்பட்டி மைதானத்துக்கே போனான். முன்போல ஓட முடியாது. ஓட வைக்க முடியும்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இல்லாமலே போன ஒன்று உண்டு. அப்போது அதை நாங்கள் கவனிக்கவில்லை. அந்த நாட்களில் யாரும் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. சாமு எதைச் சொன்னாலும் நான் சரி என்றேன். நான் எதைச் செய்தாலும் அவன் நன்றி என்றான். கூடப் பிறந்தவன் தண்ணீர்த் தம்ளரை நீட்டினால் நன்றி சொல்கிறவனா? சொன்னான். சிகிச்சை முடிந்து வந்த பிறகும் கொஞ்ச காலம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் பேசும்போது கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருக்கிறவர்கள் போலப் பேசினோம். நன்றாக இருக்கிறான் என்று டாக்டர்கள் சொல்லியும் எனக்கு முழுசாக நம்பிக்கை வராமல் இருந்ததற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம்.

பிறகு ஒரு நாள் கடையில் போன் அடித்தது. அவனுடைய பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பந்தல் தார்ப்பாய் அனுப்பியிருந்தேன். எடுத்ததுமே காது கிழிந்தது.

"ஏண்ணே, நீயெல்லாம் ஒரு கடைக்காரனா? என்ன அளவு சொன்னேன், என்ன அளவு அனுப்பியிருக்க? கலெக்டரு வர்ற நேரம், பாதி மேடை வெயில்ல கெடக்கு! காது இருக்கா இல்லையா ஒனக்கு?"

நான் பதிலுக்கு நன்றாகக் கொடுத்தேன். நீ எழுதிக் கொடுத்த அளவைத்தான் அனுப்பினேன், பி.டி. வாத்தியாருக்கு மீட்டருக்கும் அடிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய முடியும் என்றேன். அவன் அதற்கு மேலே கத்தினான். நானும் கத்தினேன். தார்ப்பாய் வாங்க வந்தவர் பயந்து வெளியே போய் நின்றுகொண்டார். கடைசியில் அவன் போனை டக்கென்று வைத்துவிட்டான்.

சாப்பாடு கொண்டுவந்த எஸ்தர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருங்க?"

"சாமுதான். கண்டபடி திட்டுறான்."

அவள் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"திட்டுனாப்லயா? மெர்சிக்கிட்ட மொதல்ல போனப் போட்டுச் சொல்லணும்" என்றாள்.